புல்தரைக்கு அடியில் ஒரு கதவு

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. பொய் சொல்லி ஆரம்பிக்கக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் தேடிப் போகவில்லை, அதுவாக வந்து தலையில் விழுந்தது.

புதன்கிழமை காலை. பல் டாக்டரிடம் போய்விட்டு, பாதி வாய் மரத்துப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சாலையில் ஏதோ குழாய் வேலை என்று பேருந்தை வேறு வழியாகத் திருப்பிவிட்டார்கள். அந்த வேறு வழி எங்கள் பழைய தெரு. பத்தொன்பது வருஷம் குடியிருந்து, ஐந்து வாரம் முன்னால் விற்றுவிட்டு வந்த வீட்டுக்கு நேரே பேருந்து நெரிசலில் நின்றது. மதில் தாழ்வானது, உள்ளே எல்லாம் தெரியும். பக்கவாட்டுப் புல்தரையில், மாதம் இரண்டு தடவை நான் வெட்டிச் சீராக வைத்திருந்த அதே புல்தரையில், வீட்டை வாங்கிய பெண் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு நீளத்துக்குப் புல்லைப் பெயர்த்தாகிவிட்டது. அடியில் கறுப்பு மண் தெரிந்தது.

சரி, தோட்டம் போடப்போகிறாள், போடட்டும் என்று நினைத்தேன். அப்புறம்தான் எந்த மூலையை நோக்கி வெட்டிக்கொண்டு போகிறாள் என்று கவனித்தேன். எழுந்து நின்றேன். அதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.

(மணி அடித்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள். வாய் மரத்திருந்தது என்று இங்கே ஒரு காரணம் எழுதி, அடித்துவிட்டேன். பேருந்தை விட்டு இறங்க வாய் எதற்கு?)

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். வைத்தேன். பேனாவை எடுத்தேன்.

2

முதல் தொடக்கம்:

"வீடு மாறி ஐந்து வாரம். பெட்டிகளில் பாதி இன்னும் பிரிக்கவில்லை. கரண்டி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாமல் ஸ்குரூ டிரைவரால் காபி கலக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அவளுக்குத் தோட்டம்தான் முதலில். புல்லை வேரோடு பட்டை பட்டையாகப் பெயர்த்து, பாய் போலச் சுருட்டி மதிலோரம் அடுக்கினாள். மூன்றாவது பட்டை மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. மண்வெட்டியை ஓங்கி"

ஓங்கி என்ன? தெரியாது. அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டிருக்கிறேன், அப்படியே கிடக்கட்டும்.

இரண்டாவது தொடக்கத்தில் அவளுக்கு முதுகுவலி கொடுத்தேன். குனியவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் முதுகுவலிக்காரி தோட்டக் கதைக்குள் எதற்கு வந்தாள் என்று வாசகர் கேட்பார். சரி என்று மூன்றாவதில் மழையை வரவழைத்தேன். எட்டு நாள் அடைமழை. அவள் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளும் பார்க்க, நானும் பார்க்க, கதை நகரவே இல்லை.

நான்காவது தொடக்கம்தான் எனக்குப் பிடித்தது. தோண்டாமலே தோட்டம் போடும் முறை ஒன்று இருக்கிறது. வீடு மாறி வந்தவர்களுக்கென்றே செய்துவைத்த மாதிரியான முறை. சாமான் வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒட்டுப் பட்டைகளை உரித்து, புல்லின் மேலேயே ஒன்றின் விளிம்பு ஒன்றின் மேல் ஏறும்படி பரப்ப வேண்டும். நன்றாக நனைக்க வேண்டும். மேலே ஒரு சாண் உயரத்துக்கு மக்கிய உரம். வெளிச்சம் இல்லாமல் புல் செத்துப்போகும், அட்டையை மண்புழு தின்றுவிடும், அடுத்த பருவத்துக்குப் பாத்தி தயார். மண்வெட்டியைத் தொடவே வேண்டாம்!

இதை எழுதியபோது எனக்கு இருந்த குஷியைச் சொல்லி முடியாது. இரண்டு பக்கம் ஓட்டமாக ஓடியது. "சமையலறை - உடையும்" என்று எழுதியிருந்த அட்டை வெயிலில் விரிந்து கிடப்பதைக்கூட எழுதினேன். வீட்டுக்காரனோடு சின்னச் சண்டை ஒன்றும் வைத்தேன், இன்னும் பிரிக்காத பெட்டியை எல்லாம் அவள் காலி பண்ணிக் கவிழ்க்கிறாள் என்று. பிறகு அவள் தள்ளுவண்டி நிறைய உரத்தை ஏற்றிக்கொண்டு மூலைக்குத் தள்ளிக்கொண்டு

நிறுத்து.

உரத்துக்கும் கனம் உண்டு. வண்டிக்கும் உண்டு. அவளுக்கும் உண்டு.

3

இதற்கு மேல் மென்று விழுங்க முடியாது. உடைத்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மூலையில், புல்லுக்கு அடியில், ஒரு தொட்டி இருக்கிறது. குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்னால் யாரோ கட்டிய செங்கல் தொட்டி. என்னைவிட ஆழம். நாங்கள் குடிவந்த வருஷம் அதன் மேல்மூடி உடைந்தது. வீட்டின் பின்கதவை அப்போதுதான் மாற்றியிருந்தோம், பழைய பச்சைக் கதவு சும்மா சாய்ந்து கிடந்தது. அதைத் தூக்கித் தொட்டியின் வாயில் போட்டால் அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. மேலே தார் ஷீட், அதற்கு மேல் மண், அதற்கு மேல் புல். ஒரு வாரத்துக்குத்தான். அடுத்த வாரம் ஆள் வைத்துச் சிமெண்ட் மூடி போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அந்த அடுத்த வாரம் பத்தொன்பது வருஷமாக வரவில்லை. மரக்கதவு, ஈர மண். என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதுதான் நாக்கில் சிக்குகிறது. முப்பத்தோரு வருஷம் நான் பார்த்த உத்தியோகம், லிஃப்ட் பரிசோதகர்.* கம்பி, பிரேக், கதவு எல்லாம் பார்த்து, இது பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போடுகிற ஆள்.

வீட்டை விற்றபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். பதினோராவது கேள்வி: தரைக்கு அடியில் கிணறு, தொட்டி, குழி ஏதேனும் உண்டா? "இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். கை நடுங்கவே இல்லை. அன்றைக்கு வீட்டைப் பார்க்க வந்திருந்த அவளுடைய ஐந்து வயது மகள் புல்தரை முழுக்கக் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்தாள். "அந்த மூலையில ஈரம் ஜாஸ்தி கண்ணு, அங்க போகாதே" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவு நல்லவன் நான்.

(* அந்த வேலையில் நானாக ஒரு விதி வைத்திருந்தேன். பழுது பார்த்த ஆளும் என்னோடு லிஃப்டுக்குள் ஏறி நிற்கவேண்டும். இரண்டு பேரும் மேலே போய்க் கீழே வந்த பிறகுதான் கையெழுத்து. ஏறத் தயங்கினான் என்றால் அன்றைக்குக் கையெழுத்துக் கிடையாது. இதற்காக என்னைப் பின்னால் என்னவெல்லாமோ சொல்வார்கள். இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

4

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் என்ன வேலை பார்க்கிறவள் என்று யோசித்துக் கழித்தேன். வீட்டை விற்றபோது நான் அவளைப் பார்த்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தாள். சுவரைக் கையால் தட்டிப் பார்த்தாள். இதை வைத்து அவளைக் கணக்கு டீச்சர் ஆக்கினேன். கணக்கு டீச்சர் எதற்குச் சுவரைத் தட்டுகிறாள் என்று இடித்தது. பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டுவைத்தேன்.

நேர்மையாகச் சொன்னால் அவள் யாராக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. அவள் காகிதத்தில் இருக்கிறவரைக்கும் விழமாட்டாள், எனக்கு அது போதும். எழுதிக்கொண்டே இருந்தால் நிஜத்திலும் அவள் மண்வெட்டி அந்தரத்தில் நிற்கும் என்று ஒரு நினைப்பு. இதை எழுத்து என்று சொல்லக்கூடாது, நாள் கடத்துவது என்று சொல்லவேண்டும்.

சனிக்கிழமை என் மனைவி தாள்களை எடுத்துப் படித்தாள். நான் எழுதுவதை அவள் படிப்பது வழக்கமில்லை. காய் நறுக்கி முடித்துவிட்டு, மேசையைத் துடைக்க வந்தவள், தாளைத் தூக்கினாள், நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மூன்றாவது பகுதியை நான் அப்போது இன்னும் எழுதியிருக்கவில்லை. இங்கே அதை முன்னால் தூக்கிப் போட்டிருக்கிறேன், உங்களுக்காவது முதலில் தெரியட்டும் என்று.

"நாலு தடவை ஆரம்பிச்சிருக்கீங்க" என்றாள்.

"ம்."

"நாலு தடவையும் அந்த மூலை வந்ததும் நிறுத்திட்டீங்க. இல்லாட்டி அவளைப் போகவே விடலை. மூணாவதுல பாவம், எட்டு நாள் ஜன்னலோரம் நிக்க வெச்சிருக்கீங்க."

"அது ஒரு உத்தி."

"என்னையும் அந்த மூலைக்குப் போக விடமாட்டீங்க. கொடி கட்டக்கூடாது, நாற்காலி போடக்கூடாது. ஈரம் ஈரம்னு சொல்லுவீங்க. நானும் நம்பிட்டேன்." தாளை மேசையில் வைத்தாள். "அங்க என்ன இருக்கு?"

சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேசை துடைக்கிற துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"நம்ம பசங்க அங்கதானே விளையாடினாங்க" என்றாள் கடைசியில்.

"மூலைக்கு விட்டதில்லை."

"அந்தக் குழந்தையை விடாம பாக்க இப்ப அங்க யார் இருக்கா?"

நான் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"கதையை அப்புறம் எழுதலாம். போனை எடுங்க."

5

இந்த இடத்தில் போன் அடிக்கும் சத்தத்தை ஒரு பக்கத்துக்கு நீட்டலாம். நிறையப் பேர் செய்வார்கள். உண்மையில் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க சார். நல்லா இருக்கீங்களா?"

"அம்மா, அந்தப் புல்தரையில, கிழக்கு மூலை..."

"தொட்டியா சார்?"

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிவந்த ரெண்டாம் நாளே பாத்துட்டேன் சார். நான் டைல்ஸ் போடுற வேலை. ஒட்டுன டைலை நாலு தட்டு தட்டுவோம், கீழ காலியா இருந்தா சத்தமே காட்டிக் குடுத்துடும். புது இடம்னா எனக்குக் கை சும்மா இருக்காது. வீடு பூரா தட்டி முடிச்சுட்டு, கடப்பாரையால புல்தரையையும் வரிசையாத் தட்டிக்கிட்டே வந்தேன். அந்த மூலையில டங்குனு கேட்டுச்சு. பாப்பாவை உள்ள அனுப்பிட்டு, நானும் வீட்டுக்காரரும் புல்லை உரிச்சுப் பாத்தா, கதவு."

"யாரும்... யாருக்கும் ஒண்ணும்..."

"ஒண்ணும் ஆகலை சார். எல்லாரும் நல்லா இருக்கோம்."

உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அது இதுதான். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மனைவிக்குத் தலையை ஆட்டிக் காட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அவள் அடுத்து ஒன்று சொன்னாள்.

"உங்ககிட்ட கேக்கலாம்னுதான் இருந்தேன். அப்புறம், பாவம், உங்களுக்கே தெரியாம இருந்திருக்கும். உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க பண்ண வேலையா இருக்கும். இத்தனை வருஷம் அது மேலதான் நடந்தோம்னு தெரிஞ்சா பயந்துடுவீங்கன்னு விட்டுட்டேன்."

பாருங்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, போங்க சார் என்கிறாள். நான் போய்விடலாம். "அப்படியா, எனக்குத் தெரியவே தெரியாதும்மா" என்று ஒரு வரி. பதினோராவது கேள்விக்கு என் பதில் அப்படியே நிற்கும். யாருக்கும் நஷ்டமில்லை, ஆபத்தும் தீர்ந்தது. மனைவிக்கு மறுமுனையில் என்ன பேசுகிறார்கள் என்றுகூடக் கேட்காது.

(இந்த வரியை எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. சந்தேகமே வராது.)

"எனக்குத் தெரியும்மா" என்றேன். "அந்தக் கதவைப் போட்டது நான்தான். ஃபார்ம்ல இல்லைன்னு டிக் அடிச்சதும் நான்தான். தெரிஞ்சேதான் அடிச்சேன்."

மறுமுனையில் பின்னால் எங்கோ அவள் மகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள், பதினாலு, பதினஞ்சு, பதினாறு.

"வீடு பாக்க வந்த அன்னைக்குப் பாப்பா அதுக்குப் பக்கத்துல குதிச்சுக்கிட்டிருந்தா சார்" என்றாள். குரல் மாறியிருந்தது. "நீங்க அங்கதான் நின்னீங்க. பாத்துக்கிட்டுதானே நின்னீங்க?"

"ஆமாம்மா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வீட்டை வாங்காமப் போயிருப்பேனா? மூடி போட்டிருப்பேன். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"எனக்குக் கோவமா வருது சார்."

"வரணும்மா."

பின்னால் இருபத்தி மூணு வரைக்கும் எண்ணியாகிவிட்டது.

"சரி, இப்பவாவது சொன்னீங்க" என்றாள். "புதுசா இரும்பு மூடி போட்டிருக்கேன். எங்க வெல்டர் அண்ணன் செஞ்சு குடுத்தார், பொருத்துனது நான். சரியா இருக்கான்னு எனக்கு ஒரு சந்தேகம். நீங்க லிஃப்ட் பாக்குறவர்தானே? நாளைக்கு வந்து பாத்துச் சொல்லுங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

போனை வைத்த பிறகு மனைவி கேட்டாள், "என்ன சொன்னா?"

"வரச் சொன்னா. உன்னையும்."

"ரொம்பக் கோவமா?"

"ரொம்ப."

"நல்லது" என்றாள். அன்றைக்குத்தான் புதனுக்கு அப்புறம் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

6

ஞாயிறு. உள்ளே போகும்போதே கண்ணில் பட்டது என் கதவு. உளுத்துப்போன அடிப்பாதியை அறுத்துத் தள்ளிவிட்டு, மீதிக்கு நாலு கால் வைத்து மேசை ஆக்கியிருந்தாள். பச்சைப் பெயிண்ட் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் வரிசையாகத் தக்காளி நாற்றுகள். அறுத்த பாதி எங்கே என்று கேட்டேன். காலால் தொட்டதும் உதிர்ந்துவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

புல்தரையில் பாதி இல்லை. நான் புதன்கிழமை பார்த்த நீளப் பள்ளம், கூரைத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுபோகக் குழாய் பதிக்கத் தோண்டியதாம். தொட்டியைக் கழுவி, உள்ளே பூசி, இனிமேல் தோட்டத்துக்கு மழைத் தண்ணீர் அங்கேதான். மீதிப் புல்லின் மேல்? சொன்னால் நம்பமாட்டீர்கள், அட்டைப்பெட்டி. பிரித்து, நனைத்து, பரப்பியிருந்தது. "சமையலறை" என்று எழுதிய அட்டை இல்லை, நன்றாகத் தேடினேன். "என்னமோ" என்று எழுதிய அட்டை மூன்று இருந்தது. என் கற்பனைக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.

"இத்தனை வருஷம் வளத்த புல்லு. மனசு கஷ்டமா இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"சனியன் தொலஞ்சுது" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. அவள் சிரித்துவிட்டாள். ஒவ்வொரு தடவை புல்வெட்டும் மெஷினை ஓட்டும்போதும் அந்த மூலையில் மட்டும் பூனை மாதிரி நடந்து, கை நீட்டி, எட்ட நின்று வெட்டியவன் நான். பத்தொன்பது வருஷமும் நான் காத்தது புல்லை இல்லை. அது போனதும் தோளில் இருந்து யாரோ மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது.

மூடியைப் பார்த்தேன். முட்டி போட்டுப் பார்த்தேன். கீல், பூட்டு, வெல்டிங் ஓட்டம், ஓரத்துத் தாங்கு கம்பி. ஒரு இடத்தில் சொரசொரப்பு இருந்தது, குழந்தை கை வைத்தால் கீறும், அரத்தால் ராவச் சொன்னேன். மற்றபடி நல்ல வேலை.

"அப்ப சரியா இருக்குன்னு எழுதிக் குடுங்க" என்றாள் விளையாட்டாக.

நான் என் விதியைச் சொன்னேன். வேலை பார்த்தவர் கூட ஏறி நின்றால்தான் கையெழுத்து. அவள் யோசிக்கவே இல்லை. செருப்போடு மூடி மேல் ஏறினாள், ஒரு ஓரமாக நகர்ந்து, எனக்கு இடம் விட்டாள்.

"வாங்க" என்றாள்.

சட்டைப்பையில் அந்தப் படிவத்தின் நகலை மடித்து வைத்திருந்தேன். என் மனைவி பின்னாலிருந்து, "போங்களேன்" என்றாள். குழந்தை கதவு மேசைக்குப் பக்கத்தில் நின்று எண்ண ஆரம்பித்தது.

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஏறி நின்று, அவள் கொண்டையிலிருந்து பென்சிலை வாங்கி, பதினோராவது கேள்விக்கு "உண்டு" என்று எழுதினேன். ஒன்றில் கால் எழவில்லை, மனைவி வந்து கையைப் பிடித்து ஏற்றினாள். இன்னொன்றில் குழந்தை நடுவில் வந்து ஏறிக்கொண்டது, அது கொஞ்சம் சர்க்கரை அதிகம் என்று கிழித்துவிட்டேன். மேலே அவளைக் கணக்கு டீச்சர் என்று எழுதியதையும் திருத்தலாம் என்று பார்த்தேன். வேண்டாம், நான் தப்பாக எழுதியது தெரியட்டும்.

எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் நம்பவேண்டிய அவசியமும் இல்லை. டிக் அடித்த கையை எதற்கு நம்பவேண்டும்?

இந்தக் கதையைப் பழுது பார்த்தவன் நான். மேலே உள்ளதெல்லாம் என் கைவேலை, எங்கே ஓட்டை, எங்கே மேலே புல் மட்டும் போட்டு மூடியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். தட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நின்று நிதானமாகத் தட்டுங்கள், அவசரமில்லை.

பரிசோதகர் இப்போது நீங்கள். விதி அதேதான். நான் ஏறி நின்றுவிட்டேன், நகர்ந்து இடமும் விட்டிருக்கிறேன்.

வாங்க.